பம்பரமும் பள்ளிக்கூடமும்

லயத்து முற்றத்தில் சிறுவன் சுழற்றிவிட்ட பம்பரம் சாய்ந்தும் வீழ்வதில்லை. வீழ்த்த முயலும் புவியீர்ப்பு அதன் கோண உந்தத்தின் திசையையே திருப்புகிறது. ஆகவே அச்சு தலையாட்டி வட்டமிடுகிறது. இடையூறின்றிச் சுழலும் சில்லின் அச்சோ திசைமாறாது. இதனைக் கொண்டே பிரெஞ்சு அறிஞர் லியோன் ஃபூக்கோ 1852இல் ஜைரோஸ்கோப்பால் பூமியின் சுழற்சியை மெய்ப்பித்தார்.

பதினைந்தாண்டுகளின் பின், 1867இல், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலைத் தோட்டம் தொடங்கினார். ஹட்டன், நுவரெலியா மலைகளையும் தேயிலை மூடியது. உழைத்தோர் தமிழகத்திலிருந்து வந்தோர். 1945இல் நாட்டில் இலவசக் கல்வி பிறந்தபோதும் தோட்டப் பள்ளிகள் துரைமார் நிழலிலேயே கிடந்தன. 1948இல் குடியுரிமையும் பறிபோயிற்று. 1970களிலேதான் அரசு அப்பள்ளிகளைப் பொறுப்பேற்றது.

பம்பரம் விடும் கைக்குப் பௌதிகம் அந்நியமன்று, பள்ளியே அந்நியமாக்கப்பட்டது. சுழற்சி தளர்ந்தால் பம்பரம் வீழும். ஆய்வுகூடமும் விஞ்ஞான ஆசிரியரும் தோட்டந்தோறும் எட்டும்வரை நம் கோரிக்கை தளரலாகாது.