அயர்லாந்தில் நடன எதிர்ப்பு

ஆணும் பெண்ணும் சேர்ந்தாடும் பொது நடனங்களுக்கு எதிராக, 1920களிலும் 30களிலும் அயர்லாந்துக் கத்தோலிக்கத் திருச்சபை முன்னின்று நடத்திய இயக்கம். 1935-இல் வந்த பொது நடன அரங்குகள் சட்டம் இதன் விளைவு.

1925 அக்டோபரில் மேய்நூத்தில் கூடிய ஆயர்கள், நடனத்தால் விளையும் கேடுகளைப் பற்றி அறிக்கை விடுத்து, அதைத் திருப்பலிகளில் வாசிக்கப் பணித்தனர். ஆடுவதே பாவம் என்று அவர்கள் சொல்லவில்லை. கண்காணிப்பில்லாத அரங்கு, மது, அணைத்தபடி ஆடும் அயல்நாட்டு ஆட்டங்கள், பின்னிரவில் வீடு திரும்பும் வழி, அப்போது பரவிவந்த மோட்டார் கார் ஆகியவையே அவர்களை அஞ்ச வைத்தன. ஐரிஷ் மரபு நடனத்தை அவர்கள் பாராட்டவே செய்தனர். தேசியவாதிகளும் உடன் சேர்ந்தனர். 1934 ஜனவரியில் லீட்ரிம் மாவட்டத்து மோஹிலில் ஜாஸ் எதிர்ப்புப் பேரணி நடந்தது.

புதிய சட்டப்படி, பொது நடனம் நடத்த மாவட்ட நீதிமன்றத்தில் உரிமம் பெற வேண்டும். விண்ணப்பிப்பவரின் நடத்தை, ஆடும் நேரம் எல்லாவற்றையும் நீதிபதி பார்ப்பார். ஊர்களில் பாதிரியார் சொல்லே எடுபட்டது. திருச்சபைப் பங்குகளே நடத்திய மன்றங்கள் பெருகின.

அடி விழுந்தது மரபு நடனத்துக்கும்தான். அதுவரை மேசை நாற்காலிகளை ஓரங்கட்டிவிட்டு, வீட்டு அடுக்களையில் ஒரு பிடில் வாசிப்புக்கு நான்கு ஜோடிகள் ‘செட்’ ஆடுவது கிராமத்து வழக்கம். நலிந்த குடும்பத்துக்கு நிதி திரட்டவும் இப்படி ஆடுவார்கள். காசு வாங்கினால் அது பொது நடனம் என்று காவலர்கள் வழக்குப் போட்டனர். இசையும் ஆட்டமும் அதனால் வீட்டைவிட்டு வெளியேறியதை, கிளேர் மாவட்டத்துப் பிடில் கலைஞர் ஜூனியர் கிரெஹன் பிற்காலத்தில் வேதனையோடு நினைவுகூர்ந்தார். காப்பதாகச் சொன்னதையே குலைத்தது இந்த இயக்கத்தின் பெருந்தவறு.

ஒழுக்கத்தின் பெயரால் அரசியல் பகையும் தீர்க்கப்பட்டது. லீட்ரிமில் பிறந்து அமெரிக்கக் குடியுரிமை பெற்ற இடதுசாரி ஜிம்மி கிரால்டன், சொந்த ஊரில் ஓர் அரங்கு அமைத்து நடனத்தோடு வகுப்புகளும் நிலவுரிமைக் கூட்டங்களும் நடத்தினார். பாதிரியார்கள் பிரசங்கப் பீடத்திலிருந்தே அவரைக் கண்டித்தனர். 1932 டிசம்பரில் அரங்கு எரிக்கப்பட்டது. மறு ஆண்டு, விசாரணையே இல்லாமல் அவர் நாடு கடத்தப்பட்டார்; 1945-இல் நியூயார்க்கில் இறந்தார். கென் லோச்சின் ‘ஜிம்மிஸ் ஹால்’ (2014) அவரைப் பற்றிய படம். 2016-இல் அவர் ஊரில் நினைவுச்சின்னத்தைத் திறந்துவைத்த குடியரசுத் தலைவர் மைக்கேல் டி. ஹிக்கின்ஸ், நாடு கடத்தியதற்கு மன்னிப்புக் கேட்டார்.