தொகுமுறை வகுத்தல்

பல்லுறுப்புக்கோவையை ஒருபடிக் கோவையால் வகுக்கும் சுருக்குவழி. மாறியை எழுதாமல் கெழுக்களை மட்டும் கொண்டு கணக்கை முடிப்பதே இதன் சிறப்பு. தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல்கள் தரும் பெயரே தலைப்பில் உள்ளது.

2, −3, 0, 5 என்னும் கெழுக்களைக் கொண்ட முப்படிக் கோவையை ‘மாறி கழித்தல் 2’ என்பதால் வகுப்பதாகக் கொள்வோம். இடப்பக்கம் 2-ஐ எழுதி, முதற்கெழுவை அப்படியே கீழே இறக்க வேண்டும். அதை இடப்பக்க எண்ணால் பெருக்கி −3-உடன் கூட்டினால் 1. அதையும் பெருக்கி 0-உடன் கூட்ட 2. மறுபடி பெருக்கி 5-உடன் கூட்ட 9. ஈவின் கெழுக்கள் 2, 1, 2, மீதி 9. இந்தக் கோவையில் ஒருபடி உறுப்பே இல்லை. அந்த வெற்றிடத்தில் 0 போட மறந்தால் கணக்கு முழுவதும் பிசகிவிடும்.

இம்முறையின் வேர் வகுத்தலில் இல்லை. சமன்பாடுகளின் மூலங்களைத் தேடியதில் இருக்கிறது. பெருக்கிக் கூட்டும் இதே நடையைச் சீனத்தில் 11ஆம் நூற்றாண்டில் ஜியா சியென் கையாண்டார். 1247இல் சின் ஜியூஷாவ் அதை உயர்படிச் சமன்பாடுகளுக்கு விரித்தார். ஐரோப்பாவில் இத்தாலியரான பாவ்லோ ரூஃபினி 1804இலும், ஆங்கிலேயப் பள்ளி ஆசிரியர் வில்லியம் ஜார்ஜ் ஹார்னர் 1819இலும் இதை வெளியிட்டனர். ஆங்கில நூல்களில் ஹார்னர் பெயரே நிலைத்தது. 572 ஆண்டு முந்திய சின்னுக்கு இது நியாயமன்று.

இந்தியாவில் இதற்கு இன்னொரு பெயரும் உண்டு: ‘பராவர்த்ய யோஜயேத்’, அதாவது ‘மாற்றிப் பொருத்துக’. வகுத்தியிலுள்ள எண்ணின் குறியை மாற்றிக்கொண்டு பெருக்குவதைச் சுட்டும் சூத்திரம் இது. திருநெல்வேலியில் 1884இல் பிறந்து, பின்னர் பூரி சங்கராச்சாரியாரான பாரதி கிருஷ்ண தீர்த்தர் இதைத் தம் ‘வேத கணிதம்’ நூலில் தந்தார். அவர் 1960இல் மறைந்தார். நூல் 1965இல் வெளிவந்தது. நூலின் சூத்திரங்கள் அதர்வ வேதப் பரிசிஷ்டத்தில், அதாவது பிற்சேர்க்கையில், உள்ளவை என்றார் அவர். 1950இல் லக்னோவில் கணித வரலாற்று அறிஞர் கே. எஸ். சுக்லா, அச்சில் வந்திருந்த பரிசிஷ்டத்தையே அவரிடம் சுட்டிக்காட்டிக் கேட்டார். அவை தம்முடைய பரிசிஷ்டத்தில் மட்டுமே இருப்பதாகத் தீர்த்தர் பதில் சொன்னார். கணக்கு சரி, வேத காலப் பழமைக்குச் சான்று இல்லை.

ஐதராபாத்தின் அமீர்பேட் போன்ற பயிற்சி மையப் பகுதிகளில் இத்தகைய சுருக்குவழிகளுக்கு என்றும் தேவை உண்டு. எம்செட் என்ற பெயரில் அறியப்பட்ட பொறியியல் நுழைவுத்தேர்வில் 160 வினாக்களுக்கு 3 மணி நேரம்; அவற்றுள் கணிதம் மட்டும் 80. அங்கே நெடுமுறை வகுத்தலுக்கு நேரம் போதாது.

மேலே கண்ட கோவையில் மாறிக்கு 2-ஐப் பிரதியிட்டாலும் 9-தான் கிடைக்கும். மீதித் தேற்றம் சொல்வதும் அதையே.