சம்பளச் சீட்டு இல்லாத குடும்பங்கள்

அமெரிக்காவில் வேலை செய்யும் நிறுவனம் மூலம் ஒரு குடும்பம் எடுக்கும் மருத்துவக் காப்பீட்டின் ஆண்டு பிரீமியம், 2025-இல் சராசரியாக 26,993 டாலர். கே.எஃப்.எஃப். அமைப்பு ஆண்டுதோறும் எடுக்கும் கணக்கு இது. 1999-இல் இதே கணக்கு 5,791 டாலர் என்று இருந்தது. நாலரை மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. இதில் ஊழியர் தன் சம்பளத்திலிருந்து கொடுப்பது 6,850 டாலர், மீதியை நிறுவனம் கட்டுகிறது.

ஏன் நிறுவனம் கட்டணும்? 1929-இல் டல்லஸ் நகரத்தின் பெய்லர் மருத்துவமனை, பள்ளி ஆசிரியர்களிடம் மாதம் 50 சென்ட் வாங்கிக்கொண்டு 21 நாள் மருத்துவமனைச் சிகிச்சைக்கு உறுதி கொடுத்தது. அங்கிருந்துதான் இன்றைய முறை வளர்ந்தது. 1942-இல் போர்க்காலச் சட்டம் சம்பள உயர்வைக் கட்டுப்படுத்தியபோது, ஆள் பிடிக்கத் தவித்த முதலாளிகள் சம்பளத்துக்குப் பதில் காப்பீட்டைக் காட்டினார்கள். பின்னால் வரிச் சலுகையும் சேர்ந்துகொண்டது. அப்படியே வேலையும் வைத்தியமும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டுவிட்டன.

சரி, அந்தக் கயிறே இல்லாத ஊரில் என்ன நடந்தது? ஜெகதாப்பட்டினத்தை எடுத்துக்கொள்வோம். புதுக்கோட்டை மாவட்டத்தின் பாக் நீரிணைக் கரையில், கோட்டைப்பட்டினத்துக்குப் பக்கத்தில் இருக்கும் விசைப்படகுத் தளம். இங்கே படகுக்கு ஓனர் உண்டு, ஆனால் மாதச் சம்பளம் கிடையாது. டீசல், ஐஸ் செலவைக் கழித்துவிட்டு மிஞ்சுவதில்தான் பங்கு. பாடு இல்லையென்றால் பங்கும் இல்லை. விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். இலங்கைக் கடற்படை படகைப் பிடித்துவிட்டால் அந்தப் படகை நம்பியிருந்த எல்லா வீட்டிலும் வருமானம் நின்றுபோகும்.

இந்தியாவிலும் வேலையோடு சேர்ந்த காப்பீடு வந்தது. 1948-இல் இ.எஸ்.ஐ. சட்டம், 1952-இல் கான்பூரிலும் டெல்லியிலும் தொடக்கம், 1955-இல் கோயம்புத்தூர். மில் தொழிலாளிக்கு ஆஸ்பத்திரி கிடைத்தது. சம்பளப் பதிவேடு வேண்டும் என்பதால் பங்குக்குப் போகிற ஆள் அதற்குள் வரவே முடியவில்லை. 1986-இல் அரசுப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் மெடிக்ளைம் பாலிசியைக் கொண்டுவந்தன. அது வருடா வருடம் மொத்தமாகப் பணம் கட்டக்கூடிய நகரத்துக் குடும்பங்களின் பாலிசியாகவே ரொம்ப காலம் இருந்தது.

கடற்கரைக்குக் காப்பீடு வந்த வழி வேறு. 2007-இல் மீனவர் நலவாரியம் அமைந்தது. 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியபோது, நலவாரிய உறுப்பினர் குடும்பங்களையும் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருந்த குடும்பங்களையும் அது சேர்த்துக்கொண்டது. நான்கு ஆண்டுக்கு ஒரு லட்சம், பிரீமியம் அரசுடையது. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது தொகை அல்ல, அடையாளம். அமெரிக்கத் தொழிலாளி ‘ஊழியர்’ என்பதால் காப்பீடு பெற்றார். இங்கே மீனவர் வாரிய அட்டையும் ரேஷன் கார்டும் வைத்திருந்ததால் பெற்றார். ஓனர் யார் என்று யாரும் கேட்கவில்லை.

2012 ஜனவரி 11-இல் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறியது. ஆண்டுக்கு ஒரு லட்சம், சில சிகிச்சைகளுக்கு ஒன்றரை லட்சம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட பொதுத்துறை நிறுவனமான யுனைடெட் இந்தியாவுக்கு அரசு குடும்பத்துக்கு 497 ரூபாய் கட்டியது. 2018-இல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்து 5 லட்சமானது. 2022 ஜனவரியில் புதுப்பித்தபோது பிரீமியம் 849 ரூபாய்.

ஆக, இங்கேயும் விலை ஏறியிருக்கிறது, ஆனால் ஏறினது கரையில் இருப்பவர் கண்ணில் படவில்லை. அவர் கண்ணில் பட்டது இன்னொரு எண். 72,000 என்ற வருமான வரம்பு 2009-லிருந்து 2022 வரை அசையவே இல்லை. மாதம் 6,000 ரூபாய். இத்தனை வருடத்தில் டீசல் விலை எங்கே போனது, மீன் விலை எங்கே போனது! 2022-இல்தான் 1,20,000 ஆக்கினார்கள். ஆண் கடலுக்கும் பெண் கருவாட்டு வியாபாரத்துக்கும் போகிற வீட்டில் இரண்டு பேர் வரவையும் நேர்மையாகக் கூட்டினால் மாதம் 10,000-ஐத் தாண்டாதா? பங்கு வருமானத்துக்கு ரசீது கிடையாது. கிராம நிர்வாக அலுவலரின் சான்றில் இருக்கும் எண்ணில்தான் ஒரு குடும்பத்தின் 5 லட்சம் நிற்கிறது.

வரம்பைத் தாண்டிய குடும்பத்துக்கு மிச்சம் தனியார் பாலிசிதான். ‘ஃபேமிலி ஃப்ளோட்டர்’ என்று ஏஜென்ட் சொல்வார். பொதுவாக, வீட்டில் மூத்தவர் வயதைப் பார்த்துத்தான் பிரீமியம் போடுவார்கள். 2017 ஜூலையிலிருந்து அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் இருந்தது. 2025 செப்டம்பர் 22-இல் நீக்கினார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் ஆண்டு பாலிசியைப் புதுப்பிக்கும் தேதி மே மாதத்தில் விழுந்தால்? கையில் காசு இல்லாத தடைக்காலம். சலுகை நாள் 30 தாண்டினால் பாலிசி காலாவதி. திரும்ப எடுக்கும்போது ஏற்கெனவே உள்ள சர்க்கரைக்கும் இதயத்துக்கும் மூன்று வருடம் வரை காத்திருப்பு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கிற அமெரிக்கருக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவருக்கு வேலை போனால்தான் சிக்கல்.

2021 அக்டோபரில் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கை, இப்படி இரண்டுக்கும் நடுவில் விடுபட்டவர்கள் மக்கள்தொகையில் குறைந்தது 30 சதவீதம் என்றது.

மீனவர்களுக்குத் தனியாக ஒரு குழு விபத்துக் காப்பீடு இருக்கிறது. பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் வருவது. இறப்புக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் 5 லட்சம், விபத்துச் சிகிச்சைக்கு 25,000 ரூபாய். பிரீமியத்தை மத்திய, மாநில அரசுகளே பகிர்ந்துகொள்கின்றன. கடலில் அடிபட்டால் சரி. கரையில் மாரடைப்பு வந்தால் இது உதவாது. அப்போது மணமேல்குடி, அறந்தாங்கி, இல்லையென்றால் 2017-இல் திறந்த புதுக்கோட்டை மருத்துவக் கல்லூரி. அரசு மருத்துவமனையில் எப்படியும் இலவசம்தானே என்று தோன்றலாம். அங்கே செய்யும் சிகிச்சைக்கும் காப்பீட்டுத் தொகை போகிறது, அந்த மருத்துவமனையின் வரவில் அதுவும் ஒன்று.

2022-இல் போட்ட ஒப்பந்தம் ஐந்து ஆண்டுக்கானது. 2027 ஜனவரியில் 849-க்குப் பதில் என்ன எண் என்று பேசுவார்கள். 1,20,000-க்குப் பதில் என்ன என்றும் அதே மேசையில் பேசுவார்களா என்பதைத்தான் நான் கவனித்துக்கொண்டிருக்கிறேன்.