ஷஹ்ராசாத்தின் முடிவுறாச் செய்நிரல்

கதை சொல்லி உயிர்காத்த ஷஹ்ராசாத்தை அறியாதார் அரியர். ஆயினும் 'ஆயிரத்தொரு இரவுகள்' எனும் நூலில் ஆயிரத்தொரு இரவுகள் இருந்தனவா எனும் வினா அடிக்கடி எழுப்பப்படுவதில்லை. இதனை ஆராயக் கணனியியலின் துணையை நாடுவது விளையாட்டாகத் தோன்றலாம். விளையாட்டாகவே கொள்ளினும் இழுக்கில்லை.

தன்னைத் தானே அழைக்கும் செய்நிரலுக்கு 1957இல் வெளிவந்த போட்றான் மொழி இடமளிக்கவில்லை. யோன் மக்கார்த்தி 1958இல் வகுக்கத் தொடங்கிய லிஸ்ப் மொழியும், பின்வந்த அல்கோல் 60உம் இடமளித்தன. இத்தகைய செய்நிரல் தன்னை அழைக்குந்தோறும், அரைகுறையாக நிற்கும் வேலையை ஓர் அடுக்கின்மேல் வைத்துவிட்டு உள்ளே செல்லும். உள்வேலை முடிந்ததும் மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து முடித்தவாறே வெளிவரும். நிற்குமிடம் வரையறுக்கப்படாவிடின் அடுக்கு நிரம்பி வழியும்.

கூனன் கதையை நோக்குக. ஷஹ்ராசாத் கூறும் இக்கதையில், கூனனின் சாவுக்கு விடைகூற வேண்டிய தையற்காரன் சீன அரசனுக்கு ஒரு கதை உரைக்கிறான். அதனுள் ஒரு நாவிதன் பேசுகிறான். அவன் பேச்சினுள் அவனுடைய ஆறு சகோதரரின் கதைகள் விரிகின்றன. இவ்வளவு ஆழம் சென்றும் எக்கதையும் அந்தரத்தில் விடப்படவில்லை. உட்கதையின் நாவிதனே வெளிக்கதைக்கு அழைத்துவரப்பட்டு, கூனனின் தொண்டையிற் சிக்கிய முள்ளை எடுக்க, மாண்டவன் எழுகிறான். உள்ளே சென்ற அழைப்பு ஒரு பெறுமானத்துடன் திரும்பிவிட்டது. (நம்மவர் நன்கறிந்த விக்கிரமாதித்தன் கதையில் வேதாளம் மீண்டும் மீண்டும் முருங்கை மரம் ஏறுவது வேறுவகை: அது வெறும் சுற்று.)

ஷஹ்ராசாத்தின் நிலையோ விபரீதமானது. கதை முடிந்து வெளிவருதல் அவளுக்குச் சாவு. ஆகவே விடியும்வேளையில் அடுக்கின்மேல் ஒரு கதையேனும் முடியாது கிடத்தல் வேண்டும்.

அங்ஙனமாயின் ஆயிரத்தொன்று எனும் எல்லையை விதித்தவர் யார்? 987இல் தம் நூற்பட்டியலைத் தொகுத்த இப்னு அந்நதீம், இதன் பாரசீக மூலமான 'ஹஸார் அஃப்ஸான்' ஆயிரம் இரவுகள் கொண்டதென்றும், அதிலுள்ள கதைகள் இருநூறுக்குங் குறைவென்றும் எழுதினார். நூலை அவர் மெச்சவுமில்லை. அந்துவான் கலான் 1704 முதல் பிரெஞ்சில் பெயர்த்தபோது கையாண்ட சிரிய ஏட்டுப்பிரதி 282ஆம் இரவுடன் அறுந்துவிடுகிறது. வாசகரோ மேலும் கேட்டனர். 1709இல் பாரிசில் அலெப்போவைச் சேர்ந்த ஹன்னா தியாப் வாய்மொழியாகக் கூறிய கதைகளையும் அவர் சேர்த்துக்கொண்டார். அலாவுதீன் கதை நூலினுட் புகுந்தது இவ்வழியேயாம். 1835இல் கெய்ரோவின் பூலாக்கிலும், 1839 முதல் 1842 வரை கல்கத்தாவிலும் அச்சான பதிப்புகளில் ஆயிரத்தொரு இரவுகளும் நிறைவுற்றன. அளவின்மையைச் சுட்டிய ஓர் எண்ணைத் தொகுப்போரும் பதிப்போரும் நிரப்பவேண்டிய கணக்காகக் கொண்டனர் எனக் கருதுவதே பொருந்தும்.

அச்சிரிய ஏட்டை அடிப்படையாகக் கொண்டு முஹ்சின் மஹ்தி 1984இல் லெய்டனில் ஒரு பதிப்பை வெளியிட்டார். அதன் இறுதியில் கமர் அஸ்ஸமான் கதை தொடங்கிய அளவில் நிற்கிறது. அரசன் மன்னிப்பளிக்கும் காட்சி அதில் இல்லை.