மேரி என்பது யார்?

அதிராம்பட்டினத்துக்கு வடக்கே, நாகப்பட்டினம் தாண்டினால் காரைக்கால். 1954 வரை அங்கே பிரெஞ்சு ஆட்சி. அந்தக் காலத்து ஆட்களிடம் 'மேரி' என்றால் பெண்ணின் பெயரல்ல, நகராட்சி அலுவலகம். ஆங்கிலத்து 'மேயரு'ம் இந்த 'மேரி'யும் 'பெரியவர்' என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லில் பிறந்தவை.

எல்லாச் சொல்லும் இப்படி ஒத்துப்போகாது. புதுச்சேரியின் கல்வே காலேஜ் ஒரு பள்ளிக்கூடம். பிரெஞ்சு 'லிப்ரேரி' புத்தகக் கடை, நூலகமல்ல. ஆங்கில 'ஆக்ட்' சட்டம். பிரெஞ்சு 'ஆக்த்' பிறப்பு, திருமணப் பதிவுப் பத்திரம்.

1962 ஆகஸ்ட் 16 முதல் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக் கொண்டார்கள். சில வீடுகளில் அண்ணன் அந்நாட்டுக் குடிமகன், தம்பி இந்தியன் என்றானது. அவர்களுக்கு மேரியில் பதிந்த அந்த ஆக்த் வெறும் காகிதமல்ல.