சில்லூறுகளின் இசையும் இனப்பாகுபாடும்

உயிரினங்களை வகைப்படுத்தும் விஞ்ஞானம் நெடுங்காலம் உயிரற்ற உடல்களையே சான்றாகக் கொண்டது. சுவீடன் நாட்டறிஞர் லின்னேயசு 1758 ஆம் ஆண்டில் விலங்குகளுக்கு இருசொற் பெயரிடும் முறையை நிலைநாட்டிய பின்னர், ஊசியிற் குத்திப் பெட்டியில் வைக்கப்பெற்ற பூச்சிகளின் நிறம், சிறகின் நீளம், உறுப்புக்களின் அளவு என்பனவே இனங்களைப் பிரிக்கும் அடையாளங்களாயின. அப்பெட்டிகளில் ஒலி இல்லை. இசைக்கும் பூச்சிகளைப் பொறுத்தவரை இக்குறை பெரும் பிழைக்கு ஏதுவாயிற்று என்பதற்கு அமெரிக்க வயற்சில்லூறுகளின் வரலாறு தக்க சான்றாகும்.

சில்லூறு இசைப்பது வாயினாலன்று. ஆண் பூச்சி ஒரு முன்சிறகின் அடியிலுள்ள அரம் போன்ற பற்களை மற்றைச் சிறகின் விளிம்பினாற் சுரண்டி ஒலியெழுப்பும். வயற்சில்லூற்றில் வலச்சிறகும், அதன் உறவாகிய புதர்ச்சில்லூற்றில் இடச்சிறகும் பெரும்பாலும் மேலே அமையும். இரண்டிற்கும் செவி முன்னங்கால்களிலேயே உள்ளது. 1913 ஆம் ஆண்டில் யொகான் றேகன் என்பார் ஆணின் இசையைத் தொலைபேசி வழியே கேட்பிக்க, ஆணைக் காணாத பெண்பூச்சி அக்கருவியை நாடிச் சென்றது. அவ்விசை வெறும் ஆரவாரமன்று, துணையை அழைக்கும் அழைப்பே என்பது இதனாற் புலனாயிற்று.

எனினும் 1915 இல் றேன், கெபாட் என்னும் அறிஞர் இருவர், அமெரிக்கக் கண்டங்களுக்குரிய வயற்சில்லூறுகளின் உடலளவுகள் ஒன்றோடொன்று கலந்து செல்வதைக் கண்டு, அவையனைத்தும் ஒரே இனமென முடிவு செய்தனர். முன்னோர் இட்ட பெயர்கள் பல வழக்கிழந்தன. பெயரிழந்த உயிர்களோ வயல்களிலும் காடுகளிலும் தத்தம் இசையை மாற்றாது இசைத்துக்கொண்டிருந்தன.

அவ்விசையைச் செவிமடுத்தவர் வட கரோலினாவைச் சேர்ந்த புல்ற்றன். அங்கே நால்வகைச் சில்லூறுகள் இசையாலும், வாழிடத்தாலும், வாழ்க்கைப் பருவத்தாலும் வேறுபடுவதை அவர் கண்டார். அவற்றைக் கலந்து வளர்க்க அவர் செய்த முயற்சிகளிற் சந்ததி தோன்றவில்லை. இவற்றை 1952 இல் அவர் வெளியிட்டார். 1957 இல் றிச்சாட் அலெக்சாந்தர் ஒலிப்பதிவுகளின் துணைகொண்டு கிழக்கு அமெரிக்கச் சில்லூறுகளை மீண்டும் பல இனங்களாக வகுத்தார். அவற்றுள் ஒன்றிற்குப் புல்ற்றனின் பெயரையே சூட்டினார்.

இதனால் இசையே முடிந்த சான்று எனக் கொள்ளலாமோ? கொள்ளலாகாது. வெப்பம் மிக இசையின் வேகமும் மிகும். அதனைக்கொண்டு வெப்பநிலையைக் கணிக்கும் வாய்பாட்டை 1897 இலேயே டொல்பியர் வகுத்திருந்தார். வெப்பநிலை குறியாத ஒலிப்பதிவு ஓரினத்தை ஈரினமாகக் காட்டிவிடும். மேலும் 1960 இல் அலெக்சாந்தரும் பிகலோவும் விளக்கிய இரு சில்லூறுகள் உருவத்தாலும் இசையாலும் ஏறத்தாழ ஒன்றே. ஆயினும் ஒன்று இளம்பூச்சியாய்க் குளிர்காலத்தைக் கழித்து வசந்தத்தில் இசைக்கும். மற்றையது முட்டையாய்க் கழித்துக் கோடையின் இறுதியிலும் இலையுதிர்காலத்திலும் இசைக்கும். பருவ வேறுபாட்டினாலேயே ஓரினம் இரண்டாயிற்றென அவ்விருவரும் கருதினர். 2000 ஆம் ஆண்டில் வெளிவந்த மரபணு ஆய்வோ, அவை ஒன்றற்கொன்று மிக நெருங்கிய உறவின அல்ல எனக் காட்டிற்று.

உடலை மட்டும் நோக்கியோர் பலவற்றை ஒன்றாக்கினர்; இசையைக் கேட்டோர் அவற்றைப் பிரித்தனர்; இசையும் காட்டாததைப் பருவம் காட்டிற்று; பருவங்கொண்டு கூறிய காரணத்தை மரபணு திருத்திற்று. சான்று ஒன்றையே பற்றி நில்லாது, உயிரை அது வாழும் இடத்திற் சென்று காண்பதே இவ்வரலாறு மாணவர்க்கு உணர்த்தும் நெறியாகும்.