மண்டபம் கேம்ப்: ஒரு பெயருக்குப் பின்னால்



போன வாரம் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். குடும்பத்தோடு இலங்கைக்குச் சுற்றுலா போகிறாளாம். "பாஸ்போர்ட் ஆறு மாசம் செல்லுபடியாகணும், இணையத்துல ஈ.டி.ஏ. எடுக்கணும், திரும்பி வர டிக்கெட் காட்டணும், செலவுக்குப் பணம் இருக்குன்னு காட்டணும். பக்கத்துல இருக்கிற ஊருக்கு இத்தனை கேள்வியா சார்?" என்று அலுத்துக்கொண்டாள். அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். வாத்தியார் பாடம் ஆரம்பித்துவிட்டார் என்று ஓடிவிடாதீர்கள்!

1914 பிப்ரவரியில் பாம்பன் ரயில் பாலம் திறந்தது. அடுத்த மாதமே போட் மெயில் ஓடத் தொடங்கியது. எழும்பூரில் ஏறினால் தனுஷ்கோடி. அங்கிருந்து கப்பலில் சுமார் 35 கிலோமீட்டர் கடந்தால் தலைமன்னார். அங்கே கொழும்புக்கு ரயில் நிற்கும். இரண்டு கரையும் ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்ததால், இங்கிருந்து போகிறவர்களுக்குப் பாஸ்போர்ட் தேவைப்படவில்லை.

அதற்காகச் சும்மா விட்டுவிடவில்லை. பிளேக், காலரா, அம்மை பயத்தால் இலங்கை அரசு, நம் மண்ணிலேயே மண்டபத்தில் ஒரு தடுப்பு முகாம் நடத்தியது. தோட்ட வேலைக்குப் போகும் ஏழைகளைச் சில நாட்கள் அங்கே நிறுத்தி, குளிக்கவைத்து, அம்மை குத்தி, நோய் இல்லை என்று தெரிந்த பிறகே கப்பலுக்கு அனுப்பினார்கள். உயர் வகுப்பில் போனவர்களுக்கு இந்தக் கெடுபிடி இல்லை. எந்தத் தோட்டத்துக்குப் போகிற ஆள் என்று காட்ட, எண் பொறித்த தகரச் சீட்டு ஒன்று உண்டு. அதைக் காட்டினால் போதும், வழிச்செலவு அந்தத் தோட்டத்தின் கணக்கில் ஏறும். பிற்பாடு அந்தச் செலவு தொழிலாளியின் தலையில் கடனாக விழுந்ததும் உண்டு.

எங்கள் தாத்தா அப்படித்தான் கண்டிச் சீமைக்குப் போனார். வயதான பிறகு அப்பாவை அழைத்துக்கொண்டு ஊர் திரும்பிவிட்டார். அட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் வாழ்க்கைப்பட்ட அத்தை மட்டும் அங்கேயே தங்கிவிட்டார்.

பிறகுதான் சட்டங்கள் வந்தன. 1948 குடியுரிமைச் சட்டத்தால் லட்சக்கணக்கான மலையகத் தமிழர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 1949 நவம்பர் 1 முதல் இலங்கையின் குடிவரவுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கடலைக் கடக்கப் பாஸ்போர்ட்டும் விசாவும் வேண்டும் என்றானது. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத அத்தைக்கு யார் பாஸ்போர்ட் தருவார்கள்? ஐம்பதுகளில் தாத்தா இறந்தபோது தந்தி போனது. அத்தையால் வர முடியவில்லை.

1964 அக்டோபர் 30-இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதாக முடிவு. மீதி 1,50,000 பேரின் கதியைப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவைத்தார்கள். இரண்டே மாதத்தில், டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பிறகு கப்பல் ராமேஸ்வரத்துக்கு வந்தது.

எழுபதுகளில் அந்தக் கப்பலில்தான் அத்தை வந்து இறங்கினார். முதலில் தங்கவைத்த இடம் எது தெரியுமா? மண்டபம் முகாம். தாத்தாவுக்கு அம்மை குத்தி அனுப்பிய அதே இடம். ஊருக்கு வந்ததும் அத்தை கேட்ட முதல் கேள்வி, "அப்பாவ எங்க பொதச்சீங்க?" என்பதுதான். அப்பா பதில் சொல்லாமல் கையைப் பிடித்துக் கூட்டிப்போனது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

யோசித்துப் பாருங்கள். உனக்கு நோய் உண்டா, உன் செலவுக்கு யார் பொறுப்பு என்று அன்றும் கேட்டார்கள். எப்போது திரும்புவாய் என்று மட்டும் தோட்டத்துக்குப் போனவரை யாரும் கேட்கவில்லை. சுற்றுலாப் பயணியிடம் இன்று அதைத்தான் முக்கியமாகக் கேட்கிறார்கள். பதில் சொல்ல நம் கையில் ஒரு பாஸ்போர்ட் இருக்கிறதே, அது சின்ன விஷயமில்லை.

2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு மீண்டும் கப்பல் விட்டார்கள். போகிறவர்கள் போய் வாருங்கள். விதிமுறைகள் அடிக்கடி மாறும். கிளம்புமுன் அரசு இணையதளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ராமேஸ்வரம் ரயிலில் போகும்போது "மண்டபம் கேம்ப்" என்ற பெயர்ப்பலகை வந்தால், பிள்ளைகளுக்குக் காட்டி இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டிலும் கண்டிச் சீமைக்குப் போனவர்கள் இருந்தால் கீழே எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.